செபத்தை விட்டு எழுந்து போகலாமா?

பள்ளிப் பட்டிமன்றங்களில் ஆண்டு தவறாமல் தலைகாட்டும் தலைப்பு ஒன்று உண்டு. ‘இறைவனுக்கு உகந்தது செபமா, சேவையா?’ என்பதே அது. செபத்தின் அணியினர், பெத்தானியாவில் ஆண்டவரின் காலடியில் அமர்ந்திருந்த மரியாளைச் சாட்சிக்கு அழைப்பார்கள். சேவையின் அணியினர், அடுக்களையில் வியர்க்க விறுவிறுக்க நின்ற மார்த்தாளுக்காகப் பரிந்து பேசுவார்கள். மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டி, தீர்ப்பு நாளில் பசித்தவருக்கு உணவிட்டாயா என்றுதானே ஆண்டவர் கேட்பார் என்று மேசையைத் தட்டுவார்கள். கடைசியில் நடுவர் எழுந்து, இரண்டும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்பார். கைதட்டல் ஒலிக்கும். எல்லாரும் கலைந்து செல்வோம்.

ஆனால் நடுவரின் தீர்ப்பு வீட்டுக்கு வந்தபின் உதவுவதில்லை. மாலை ஏழு மணிக்குக் குடும்பமாக முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறோம். இரண்டாம் பத்து மணியில், பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மூச்சிரைக்கிறது என்று யாரோ கதவைத் தட்டுகிறார்கள். இப்போது எழுவதா, அந்தப் பத்து மணியை முடித்துவிட்டு எழுவதா? இதோடு பத்தாம் வகுப்பில் படிக்கும் நமக்கு மூன்றாவது கட்சி ஒன்றும் இருக்கிறது. அதன் பெயர் அரசுப் பொதுத் தேர்வு. காலைத் திருப்பலிக்குச் சென்றால் கணக்குப் பாடத்திற்கு அரை மணி குறைகிறது. நோயாளியைப் பார்க்கச் சென்றால் அறிவியலுக்கு ஒரு மணி குறைகிறது. ‘இந்த ஓர் ஆண்டு எல்லாவற்றையும் ஒதுக்கி வை, சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்’ என்று நம் பெற்றோரில் சிலர் சொல்வதும் உண்டு. அது அன்பினால் சொல்வது என்பதில் ஐயமில்லை.

இக்கேள்வியை ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்கு முன்பு பொதுப்படையாகப் பேசி விட்டுவிடாமல், யார், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று இறங்கி விடை சொன்னவர்கள் பிரான்சு நாட்டில் இருந்தார்கள். புனித வின்சென்ட் தே பவுல், புனித லூயிஸ் தே மரியாக், இவர்களோடு மாடு மேய்த்த ஏழைப் பெண் ஒருத்தி. முதல் பெயர் நமக்குப் புதியதன்று. நம் பங்குகளில் உள்ள வின்சென்ட் தே பவுல் சபையில் நம்மில் பலருடைய அப்பாவோ மாமாவோ உறுப்பினராக இருக்கிறார்கள். சபைக் கூட்டத்தில் ஒரு துணிப்பை சுற்றி வருவதையும், அதில் யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாதபடி எல்லாரும் கையை உள்ளே விட்டு எடுப்பதையும் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தப் புனிதரின் கதை ஓர் உணவுப் பிரச்சினையில் தொடங்கியது என்பதைப் பலர் அறியார்.

வின்சென்ட் 1581-ஆம் ஆண்டு தென்மேற்குப் பிரான்சில் பூய் என்ற சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். 1600-இல் குருவானார். இளங்குருவாக இருந்த காலத்தில் நல்ல வருமானமுள்ள பதவியைத் தேடி அலைந்தார் என்பதை அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் மறைப்பதில்லை. (இப்படி எழுதியிருப்பது நமக்கு ஆறுதலாக இருக்கிறது. தொட்டிலிலேயே புனிதராக இருந்தவர்களைப் பின்பற்றுவது மிகக் கடினம்.) 1617-ஆம் ஆண்டு ஷத்தியோன் என்னும் ஊரின் பங்குத் தந்தையாக இருந்தார். ஆகஸ்டு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலிக்காகத் திருவுடை அணிந்துகொண்டிருந்தபோது, ஒரு செய்தி வந்தது. ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் அத்தனை பேரும் நோயில் விழுந்து கிடக்கிறார்கள், ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை என்று. அன்றைய மறையுரையில் அதை உருக்கமாக எடுத்துச் சொன்னார்.

மாலையில் அந்த வீட்டைப் பார்க்க அவரும் புறப்பட்டார். வழியெல்லாம் பெண்கள்! சிலர் போய்க்கொண்டிருந்தார்கள், சிலர் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள், சிலர் வெயில் தாங்காமல் வழியோரம் உட்கார்ந்திருந்தார்கள். திருவிழா ஊர்வலம் போல் இருந்ததாம். எல்லார் கையிலும் உணவு சென்றது. இதைக் கண்ட எந்தப் பங்குத் தந்தையும் மகிழ்ந்து, மறுவாரம் மக்களைப் பாராட்டி முடித்திருப்பார். வின்சென்டோ கவலைப்பட்டார். இன்று இந்த வீட்டில் இருப்பது உண்ண முடியாத அளவு உணவு. நாளை மறுநாள் அது கெட்டுப்போகும். அதற்குப்பின் முன்பு போலவே பட்டினி. இந்த ஊரில் அன்பு நிறைய இருக்கிறது, ஆனால் ஒழுங்கு இல்லை என்பதே அவர் கண்டது.

இது நமக்குப் புரியாத செய்தியா? கருணை இல்லங்களுக்குச் சென்று வந்தவர்கள் இதை அறிவார்கள். கிறிஸ்து பிறப்பு விழாவன்று அங்கே கேக்கு மலை போல் குவியும். ஒரே நாளில் மூன்று பேருடைய பிறந்த நாள் வந்துவிட்டால் மூன்று வகைப் பாயசம் வரும். சனவரி பத்தாம் தேதி சென்று பார்த்தால் வாசலில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

வின்சென்ட் சில நாட்களிலேயே அந்தப் பெண்களைக் கூட்டி, ஆளுக்கொரு நாள் என்று முறை வைத்தார். ஆண்டு முடிவதற்குள் அதற்கென ஒரு சட்டநூலையும் தம் கைப்பட எழுதினார். அதைப்பற்றிப் படித்தபோது நாங்கள் வியந்து போனோம். இறையியல் நிறைந்திருக்கும் என்று எதிர்பார்த்தால், அதில் இருப்பது சமையலும் பரிமாறலும். அன்றைய முறைக்காரப் பெண் உணவைத் தானே ஆயத்தம் செய்து எடுத்துச் செல்ல வேண்டும். முகமலர்ச்சியோடு நோயாளியிடம் நலம் கேட்க வேண்டும். படுக்கையின்மேல் தட்டை வைத்து, அதில் துணி விரித்து, கிண்ணமும் கரண்டியும் ரொட்டியும் எடுத்து வைக்க வேண்டும். நோயாளியின் கையைக் கழுவிவிட வேண்டும். பிறகு உணவுக்கு முன் சொல்லும் செபம். இறைச்சியைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கொடுத்து, இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள் என்று அன்பாக வற்புறுத்த வேண்டும். அதன்பின் வருவதுதான் எங்கள் மனத்தில் தைத்தது. துணைக்கு ஆள் இருக்கும் நோயாளிகளை முதலில் பார்த்துவிட்டு, தனியாகக் கிடப்பவர்களைக் கடைசியில் பார்க்க வேண்டும் என்கிறது அச்சட்டம். ஏனெனில் கடைசி வீட்டில்தான் எழுந்து ஓட வேண்டிய அவசரம் இராது.

சாப்பாட்டுப் பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு, ‘பாட்டி, வைத்திருக்கிறேன்’ என்று குரல் கொடுத்துவிட்டு வருவது எளிது. கையைக் கழுவிவிடுவதற்கு அருகில் உட்கார வேண்டும்.

அதே சட்டநூலில் உறுப்பினர்களின் பக்தி வாழ்வுக்கும் ஒழுங்கு இருந்தது. நாள்தோறும் செபம், குறிப்பிட்ட நாட்களில் பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும், படிக்கத் தெரிந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு நூலின் ஓர் அதிகாரம். அந்நூல் 1609-இல் ஜெனீவாவின் ஆயரான புனித பிரான்சிஸ் சலேசியார் எழுதிய பக்தி வாழ்வுக்கான அறிமுகம். துறவியருக்காக அன்றி, வீட்டிலும் கடையிலும் அரண்மனையிலும் வாழ்பவர்களுக்காக எழுதப்பட்டது என்பதே அதன் சிறப்பு. ஆயர் ஒருவர் மடத்துத் துறவியைப் போல் தனிமையில் ஒளிந்துகொண்டாலோ, தொழிலாளி ஒருவர் நாள் முழுவதும் கோவிலிலேயே இருந்தாலோ அந்தப் பக்தி நகைப்புக்கு இடமாகும் என்று அவர் காட்டுகிறார். அப்படியானால் மாணவியின் பக்திக்கும் ஓர் அளவும் வடிவமும் உண்டு என்றாகிறது. வகுப்பு நேரத்தில் சிற்றாலயத்தில் ஒளிந்துகொள்வது அதில் சேராது என்பதை நம் கன்னியர் சொல்லக் கேட்டிருக்கிறோம்!

பாரீசுக்குச் சென்றபின் வின்சென்டுக்கு வேறொரு தொல்லை வந்தது. அங்கிருந்த உயர்குடிச் சீமாட்டிகள் தாராளமாகக் கொடுத்தார்கள். ஆனால் நாற்றமடிக்கும் சந்துகளில் நுழைந்து நோயாளியின் படுக்கையைச் சுத்தம் செய்ய அவர்களால் இயலவில்லை. தங்கள் வேலைக்காரிகளை அனுப்பினார்கள். வேலைக்காரிகள் ஏவலுக்குச் செய்தார்கள். அன்பு வழியிலேயே நின்றுவிட்டது. இந்த வேளையில் வந்து சேர்ந்தவள்தான் முன்னர்க் கூறிய மாடு மேய்த்த பெண்.

அவள் பெயர் மார்கரீத் நாசோ. பாரீசுக்கு அருகில் உள்ள சுரேன் கிராமத்தில் 1594-இல் பிறந்தவள். பள்ளிக்கூடம் என்பதே அவளுக்குக் கிடையாது. ஆயினும் எழுத்தறிய வேண்டும் என்ற ஆவல் பற்றிக்கொண்டது. தனக்காக அன்று, மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக. அரிச்சுவடி ஒன்றை வாங்கினாள். பங்குக் குருவிடம் சென்று நான்கு எழுத்துக்களைக் கேட்டுக்கொண்டாள். மறுபடியும் சென்று அடுத்த நான்கு. பிறகு மாடுகளை மேய விட்டு, வழியே செல்பவர்களில் படித்தவராகத் தோன்றுபவரை நிறுத்தி, ‘ஐயா, இந்தச் சொல்லை எப்படி வாசிப்பது?’ என்று கேட்பாளாம். இப்படியே வாசிக்கக் கற்றுக்கொண்டாள். கற்றவுடன் தன் ஊர்ப் பெண் பிள்ளைகளுக்குக் கற்பித்தாள். பின்னர் இரண்டு மூன்று தோழியரைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று கற்பித்தாள். கையில் காசில்லை. நாட்கணக்கில் உண்ண ரொட்டி இல்லாமல் இருந்ததும் உண்டு. ஊரார் கேலி செய்தார்கள்.

வின்சென்டின் குழு அப்பகுதிக்கு மறைபரப்புப் பணிக்கு வந்தபோது, பாரீசில் நோயாளிகளைக் கவனிக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டுத் தானே முன்வந்தாள். சீமாட்டிகள் அனுப்பிய வேலைக்காரிகள் செய்த அதே வேலைதான். ஆனால் இவள் விரும்பிச் செய்தாள். இவளைப் பார்த்து வேறு கிராமத்துப் பெண்களும் வந்தார்கள். 1633 பிப்ரவரியில், கொள்ளை நோய் கண்ட ஒரு பெண்ணைத் தன் படுக்கையிலேயே படுக்க வைத்தாள். நோய் இவளையும் பற்றியது. காய்ச்சல் கண்டவுடன், உடனிருந்த சகோதரியிடம் விடைபெற்றுக்கொண்டு, புனித லூயிஸ் மருத்துவமனைக்குத் தானே போய்ச் சேர்ந்தாள். அங்கேயே இறந்தாள். வயது நாற்பதைத் தொடவில்லை.

அதே ஆண்டு நவம்பர் 29-ஆம் தேதி, விதவையான லூயிஸ் தே மரியாக் தம் வீட்டில் சில கிராமத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பிறரன்புப் புதல்வியர் சபையைத் தொடங்கினார். மார்கரீத் அந்தத் தொடக்க நாளைக் காணவில்லை. ஆனாலும் வின்சென்ட் அவளையே அச்சபையின் முதல் சகோதரி என்று அழைத்தார். அவளுக்குப் பீடத்தில் இடமில்லை, புனிதர் பட்டமும் இல்லை. எழுத்தறிந்த நாம் எல்லாரும் அவளுடைய பெயரை அறிந்திருக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இனி நம் கேள்விக்கு வருவோம். அக்காலத்தில் கன்னியர் என்றால் மடத்தின் மதிலுக்குள் வாழ்பவர்கள் மட்டுமே. திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-இல் அதை உறுதிப்படுத்தியிருந்தது. சலேசியாரும் புனித சாந்தால் அம்மையாரும் 1610-இல் தொடங்கிய சபை, மரியன்னை எலிசபெத்தம்மாளைச் சந்தித்த நிகழ்ச்சியின் பெயரையே தாங்கியது. நோயாளிகளின் வீடுகளுக்குச் செல்லவும் தொடங்கியது. ஆனால் சில ஆண்டுகளுக்குள் அதுவும் மதிலுக்குள் செல்ல வேண்டியதாயிற்று. இதை வின்சென்ட் நன்கு அறிந்திருந்தார். ஆகவே தம் புதல்வியரைக் கன்னியர் என்று அழைக்கவே இல்லை. கிராமத்துப் பெண்களின் உடையையே உடுத்தச் சொன்னார். நிரந்தர வார்த்தைப்பாடு வேண்டாம், ஆண்டுக்கொரு முறை புதுப்பித்தால் போதும் என்றார். மங்கள வார்த்தைத் திருநாளாகிய மார்ச் 25-இல் அவர்கள் அதைப் புதுப்பிக்கும் வழக்கம் இன்றளவும் உள்ளது. நோயாளியின் வீடே அவர்களுக்கு மடம், வாடகை அறையே துறவறை, பங்குக் கோவிலே சிற்றாலயம், நகரத்துத் தெருவே மடத்து முற்றம் என்பது அவருடைய எண்ணம்.

அப்படியானால் செபம் குறைந்ததா? இல்லை. அச்சகோதரிகள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தார்கள். தியானமும் திருப்பலியும் நாள்தோறும் இருந்தன. ஆனால் தியான நேரத்தில் ஒரு நோயாளிக்கு மருந்து கொடுக்க வேண்டியிருந்தால், மனக்கலக்கமின்றி எழுந்து செல்லுங்கள், அந்தச் செயலையே செபமாக ஒப்புக்கொடுங்கள் என்று வின்சென்ட் அவர்களுக்குப் போதித்தார். அது இறைவனுக்காக இறைவனை விட்டுச் செல்வது என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார். முழந்தாளில் இருந்தபோது யாரிடம் பேசினார்களோ, அவரே அடுத்த தெருவில் காய்ச்சலோடு படுத்திருக்கிறார். விட்டு வந்த இடத்திலும் அவர், போய்ச் சேர்ந்த இடத்திலும் அவர். ஆகவே இரண்டாம் பத்து மணியில் தயங்காமல் எழலாம்.

ஆயினும் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எழுந்து செல்வதற்கு முதலில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான்கு மணிக்கு எழுந்தவர்களுக்குச் சொன்ன சலுகையை, எட்டு மணிக்கு எழுகிறவர்கள் தங்களுக்கு எழுதிக்கொள்ள முடியாது. பாட்டி கதவைத் தட்டுவது வேறு. கைப்பேசி அழைப்பது வேறு. செபிக்கும் மனிதரே எதற்கும் பயன்படுவார் என்பதில் வின்சென்ட் உறுதியாக இருந்தார். சேவை மட்டும் போதும் என்ற அணியினருக்கு அவரைச் சாட்சியாக அழைக்க முடியாது.

இவ்வழி பாரீசில் அறுபடவில்லை. 1833 ஏப்ரலில், பிரெடரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவரும் அவருடைய நண்பர்களும், ‘உங்கள் திருச்சபை இப்போது ஏழைகளுக்கு என்ன செய்கிறது?’ என்று உடன்படித்தவர்கள் கேட்ட கேள்விக்குச் சொல்லால் விடை சொல்லாமல், ஏழைகளின் வீடு தேடிச் செல்லும் ஒரு குழுவைத் தொடங்கினார்கள். அதுவே நம் பங்குகளில் உள்ள வின்சென்ட் தே பவுல் சபை. அவர்களுக்கு வழிகாட்டியவர் முஃப்தார் என்ற ஏழ்மைப் பகுதியில் 50 ஆண்டுகளுக்கும் மேல் உழைத்த பிறரன்புப் புதல்வி ரோசலி ரெந்து. தெருவில் நடக்கும்போதுதான் நன்றாகச் செபிக்க முடிகிறது என்று அவர் சொன்னதாகக் கூறுவர். ஓசானாம் 1997-இலும் ரோசலி அம்மையார் 2003-இலும் முத்திப்பேறு பெற்றவர்களாக அறிவிக்கப்பட்டனர். தேர்வுக்குப் படித்துக்கொண்டே இதைத் தொடங்கிய மாணவர்கள் அவர்கள் என்பதை, தேர்வைக் காரணம் காட்டும் நாம் கவனிக்க வேண்டும்.

எங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பேசியபோது, ஷத்தியோன் முறையையே எடுத்துக்கொண்டோம். பள்ளிக்குப் பின்னால் உள்ள தெருக்களில் தனியாக வாழும் ஆறு பாட்டிமார் இருக்கிறார்கள். ஒரு நோட்டில் முறை எழுதி, சனிக்கிழமை மாலை இருவர் இருவராகச் செல்கிறோம். ஒருத்திக்கு ஐந்து வாரத்திற்கு ஒரு முறைதான் வரும். நேரம் ஒரு மணி. ‘ஒரு மணியா? அவ்வளவுதானா?’ என்று தயங்கிய பெற்றோரும் கையொப்பமிட்டார்கள். இந்து, முஸ்லிம் தோழியரும் முறையில் இருக்கிறார்கள். ஆறு பாட்டிமாரில் இருவர் இந்துக்கள். புறப்படுமுன் சிற்றாலயத்தில் ஒரு பரலோக மந்திரம் சொல்வோம். மற்றத் தோழியர் அமைதியாக நிற்பார்கள்.

எடுத்துச் சென்ற பழத்தை ஒரு பாட்டி திரும்பியும் பார்க்கவில்லை. ‘குரல் போயிற்று அம்மா, நீங்கள் இருவரும் உரக்கச் செபமாலை சொல்லுங்கள், நான் கேட்கிறேன்’ என்றார். பட்டிமன்றத்தில் இதை எந்த அணியில் சேர்ப்பது என்று தெரியவில்லை. படுக்கையில் இருக்கும் இன்னொரு பாட்டிக்கு முடி வாரிவிட்டால் போதும். தனிமையில் இருப்பவரைக் கடைசியில் பார் என்ற விதி இங்கே உதவவில்லை, ஏனெனில் ஆறு பேருமே தனிமைதான். ஆகவே கடைசி வீட்டை வாரந்தோறும் மாற்றிக்கொள்கிறோம்.

கோடித் தெருவில் இருக்கும் பாட்டிக்கு வேண்டியது வேறு. முதியோர் உதவித் தொகைக்குக் கைநாட்டு வைப்பது வெட்கமாக இருக்கிறதாம், கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுங்கள் என்றார். அவர் பெயர் ஒரு புனிதரின் பெயர், எட்டு எழுத்து. மார்கரீத் கற்றதைப் போல நான்கு நான்காகப் பிரித்துக்கொண்டோம். முதல் மூன்றும் வந்துவிட்டன. நான்காவதில் மூன்று சுழி ‘ண’ வரிசை எழுத்து. சுழி ஒன்று கூடிவிடுகிறது, அல்லது குறைந்துவிடுகிறது. சென்ற வாரம் முறைக்குச் சென்றவர்கள் சிலேட்டை அவரிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.